ஹண்டி பேரின்பநாயகமும் வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்களும்

1931 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி இலங்கையின் முதலாவது அரசாங்க சபைக்கு நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. வட மாகாணத்துக்கென வகுக்கப்பட்ட ஆசனங்கள் ஐந்து. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளுக்கு அன்று ஒருவரேனும் பத்திரம் கொடுக்க முன்வரவில்லை. ஐந்தாவது தொகுதி மன்னார்-முல்லைத்தீவு. எங்கள் முசலிக் கரையும் அதனுள் அடங்கியதே. இங்கே போட்டி நிகழ்ந்தது, மக்கள் வாக்களித்தனர், எஸ். எம். ஆனந்தம் வென்றார். அவரிடம் தோற்றுப் போனவர் இளம் நியாயவாதியாகிய ஜீ. ஜீ. பொன்னம்பலம்.

அந்த நான்கு ஆசனங்களை வெறுமையாக்கியது அரசாங்கத்தின் கட்டளையன்று; படைபலமும் அன்று. வட்டுக்கோட்டையிலே பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரும் அவரைச் சூழ்ந்து நின்ற இளைஞர் சிலரும் விடுத்த அழைப்பே அதனைச் செய்தது. அவ்வாசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். அவருடைய வாழ்க்கையை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியோர் பலர். சிலர் அவ்வெறும் ஆசனங்களைத் தியாகத்தின் சின்னமாகக் காண்பர். வேறு சிலர் தமிழரின் அரசியற் பேதைமைக்குச் சான்றாகக் காட்டுவர். நானோ வாக்களித்த தொகுதியில், முசலியில், இருந்து அவரை நோக்குகிறேன். ஆகவே எனக்குத் தோன்றும் வினா சிறிது வேறானது. பகிஷ்காரம் என்பது ஒருவன் தன் கருத்தை உரைக்கும் வழியா, அல்லது பிறன் கருத்தை உரைக்கவொட்டாமற் செய்யும் வழியா என்பதே அது.

பேரின்பநாயகம் 1899 ஆம் ஆண்டிலே மானிப்பாயிற் பிறந்தவர். அமெரிக்க மிஷனார் நிறுவிய வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலங் கற்ற இளைஞனுக்குத் திறந்திருந்த வாயில்கள் சில. அவற்றுள் அரசாங்க உத்தியோகமே அகன்றது. மலாயாவுக்குக் கப்பலேறியோரும் பலர். அவ்வாயில்களை விட்டு, மாணவர் நடுவே ஓர் இயக்கத்தை உருவாக்க அவர் எண்ணினார். இந்தியாவிலே காந்தியடிகள் நடத்திய ஒத்துழையாமையின் அலை பாக்குநீரிணையைக் கடந்து இக்கரையை மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. பின்னர் அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது.

இக்காங்கிரசின் நோக்கங்களை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம், தமிழரும் சிங்களவரும் ஒரே தேசத்தவராய் வாழ்தல், தாய்மொழி வாயிலாகக் கல்வி, தேசிய உடை, சாதி வேறுபாட்டை ஒழித்தல். இவற்றுட் கடைசியானதே யாழ்ப்பாணத்தில் மிகக் கடினமானது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் அமர வேண்டும் என்ற விதி 1929 ஆம் ஆண்டை அடுத்து வந்தபோது, அதைப் பொறாதவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். அந்தச் சூழலில் சம ஆசனத்தை ஆதரித்து வெளிப்படையாகப் பேசிய இளைஞர் கூட்டம் பேரின்பநாயகத்தின் கூட்டம். மேடையிலே சமத்துவம் பேசி வீட்டுத் திண்ணையிலே அதை மறந்த பெரியோர் மலிந்த ஊரில் இஃது எளிய செயலன்று.

1927 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளினார். அவரை அழைத்து வரவேற்றதில் மாணவர் காங்கிரசுக்குப் பெரும் பங்கு உண்டு. பேரின்பநாயகம் அப்போது முப்பது வயதை எட்டாத வாலிபர். அவருடைய அரசியலில் இருந்த நேர்மையும் விட்டுக்கொடாமையும் அந்த வருகையால் உரம் பெற்றன என்று கொள்ளுதல் தவறாகாது.

அதே ஆண்டில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதன் அறிக்கை 1928 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அது நீக்கிற்று. ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்குமாறு பரிந்துரைத்தது. பிரித்தானியப் பெண்கள் அனைவரும் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்றதும் அதே 1928 இலேதான். ஆசியாவில் அத்தகைய சர்வசன வாக்குரிமை வேறெங்கும் அப்போது இருக்கவில்லை. ஆனால் அறிக்கை பொறுப்பாட்சியை முழுமையாகத் தரவில்லை. தேசாதிபதியின் கையில் விசேட அதிகாரங்கள் இருந்தன. நிதியும் நீதியும் ஆங்கில உத்தியோகத்தர் மூவரின் பொறுப்பில் நின்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற முதியோர் இத்திட்டத்தை எதிர்த்தனர். சர்வசன வாக்குரிமையே அவர்களுக்கு உவப்பாயில்லை. வாலிபர் காங்கிரஸ் எதிர்த்த காரணம் முற்றிலும் வேறு. வாக்குரிமை அவர்களுக்கு உவப்பே. சுயராச்சியம் இல்லாமையே குறை. எதிரெதிரான காரணங்களால் இருசாராரும் ஒரே திட்டத்தை வெறுத்தனர். இதை மறந்து, யாழ்ப்பாணத்தார் அனைவரும் ஒரே மனத்தினராய் 1931 இல் நின்றனர் என்று எழுதுவது வரலாறாகாது.

1931 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தி-இர்வின் உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்தியாவிலிருந்து வந்த செய்தித்தாள்களை இளைஞர் ஆவலோடு படித்தனர். ஏப்பிரல் மாதத்திலே வாலிபர் காங்கிரசின் வருடாந்த மகாநாடு யாழ்ப்பாணத்திற் கூடிற்று. உப்புச் சத்தியாக்கிரகத்திற் புகழ்பெற்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் தலைமை வகித்தார். டொனமூர் திட்டம் சுயராச்சியம் அன்று. ஆதலால் அதன் கீழ் நடைபெறும் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று மகாநாடு தீர்மானித்தது. அதற்கும் நியமன நாளுக்கும் இடையே இருந்தவை சில நாள்களே. அந்தச் சில நாள்களில் இளைஞர்கள் காட்டிய வேகம் வியக்கத்தக்கது. தேர்தலில் நிற்க எண்ணியிருந்த பெரியோரைக் கண்டு பேசினர், கூட்டங்கள் நடத்தினர். மே 4 ஆந் திகதி வந்தது. நான்கு தொகுதிகளிலும் பத்திரம் இல்லை.

பகிஷ்காரம் என்னும் செயலின் பிறப்பை இங்கே சிறிது நினைவுகூர்தல் பொருந்தும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல் ஒரு மனிதனின் பெயர். 1880 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களை மேற்பார்த்த கப்டன் போய்க்கொட் என்பாரை, குத்தகையாளர்களை வெளியேற்ற முனைந்தமைக்காக ஊரார் ஒதுக்கி வைத்தனர். வேலைக்காரர் விலகினர், கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். அவர்மீது எவரும் கை வைக்கவில்லை. ஆயினும் அவர் அவ்வூரில் வாழ முடியவில்லை. ஆகவே இச்செயல் பிறக்கும்போதே ஓர் எதிர்ப்புக் குரலாகவும், ஒரு மனிதனைச் சுற்றி எழுப்பிய மதிலாகவும் பிறந்தது. நம்மவர்க்கு அதைக் கற்பிக்க அயர்லாந்து வேண்டியதில்லை. ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனுக்குத் துணி வெளுப்போரையும் முடி திருத்துவோரையும் மறித்துவிடும் வழக்கம் வடபுலத்துக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. சாவீட்டிலும் கலியாணவீட்டிலும் அதன் கொடுமையை அறிந்தோர் அறிவர். சாதிக் கட்டுப்பாட்டைக் காத்த ஆயுதம் அதுவே. சாதியை எதிர்த்த பேரின்பநாயகம் அதே குடும்பத்து ஆயுதத்தை அந்நிய ஆட்சிக்கெதிராக எடுத்தார்.

எடுத்தவர் அதை எவ்வாறு ஆண்டார் என்பதே கேள்வி. அவர் அச்சமூட்டினார் என்று கூறுதல் அநீதி. அவரும் தோழரும் நாடியது மனத்தை மாற்றுவதை. தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய அரசியற் பதவிகளையும் சேர்த்தே அவர்கள் துறந்தனர். தனக்குரிய ஒன்றைத் தானே மறுத்து, அம்மறுப்பினால் தன் கருத்தை உலகறியச் செய்பவன் பேசுகிறான் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1982 ஆம் ஆண்டில் இதனை ஒட்டிய ஒரு தீர்ப்பை வழங்கிற்று. மிசிசிப்பி மாநிலத்துப் போர்ட் கிப்சன் என்னும் ஊரிலே கறுப்பு மக்கள் 1966 இல் வெள்ளையரின் கடைகளைப் பகிஷ்கரித்தனர். கட்டுப்பாட்டை மீறிக் கடைக்குச் சென்றவர்களின் பெயர்களைக் குறித்து வைத்துக் கூட்டத்தில் உரக்கப் படித்தனர். அதையும் உட்படப் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் அடங்கும் என்றும், வன்செயல் மட்டுமே அப்பாதுகாப்பை இழக்கும் என்றும் நீதிபதிகள் தீர்த்தனர். வெட்கப்படுத்தும் பேச்சும் பேச்சே என்பது அத்தீர்ப்பின் சாரம். எனக்கு அது பெரும்பாலும் உடன்பாடே.

ஆனால் கடைக்கும் தேர்தலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை யாழ்ப்பாணத்து நூல்களில் நான் போதிய அளவு கண்டிலேன். போர்ட் கிப்சனிலே பகிஷ்காரத்தை ஏற்காதவன் வெட்கத்தைத் தாங்கிக்கொண்டேனும் கடைக்குட் போகலாம், கடை திறந்திருந்தது. 1931 இல் காங்கேசன்துறைத் தொகுதியில் பகிஷ்காரத்தை ஏற்காத வாக்காளர் ஒருவர் எங்கே போவார்? வேட்பாளர் இல்லை, ஆகவே வாக்குச்சாவடி இல்லை, ஆகவே அவருடைய மறுப்பை எண்ணுவார் எவரும் இல்லை. வாக்காளர் வாக்களியாமல் வீட்டில் இருந்திருந்தால், எத்தனை பேர் இருந்தனர், எத்தனை பேர் போயினர் என்று உலகம் அறிந்திருக்கும். அந்த எண்ணே பகிஷ்காரத்தின் குரலாயும் இருந்திருக்கும். நியமனப் பத்திரத்தோடு காரியம் முடிந்தமையால், ஊர் முழுவதும் உடன்பட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று. உடன்பட்டார் எத்தனை பேர் என்பதை அன்றும் எவரும் அறியார், இன்றும் அறியார்.

அவ்வாறு எண்ணப்படாமற் போனவர்கள் யாவர் என்று பார்த்தால் உள்ளம் சிறிது வருந்துகிறது. 1931 இல் முதன்முதலாக வாக்குரிமை பெற்றவர்கள் பெண்கள். சொத்தும் கல்வித் தகுதியும் இல்லாத உழைப்பாளிகள். சம ஆசனத்துக்காகப் போராடிய ஒடுக்கப்பட்ட சாதியார். வாலிபர் காங்கிரஸ் எவர் உயர்வை நாடியதோ அவர்களே இவர்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இவர்களை ஒத்தோர் 1931 ஜூன் மாதத்திலேயே வாக்களிக்கும் உரிமையை எய்தினர். குடாநாட்டில் இருந்தோர் 1934 வரையும் காத்திருந்தனர். வாக்குரிமை வேண்டாமென்று இராமநாதன் வாதாடினார், அவ்வாதம் தோற்றது. வேண்டுமென்ற பேரின்பநாயகத்தின் வெற்றியோ அவ்வுரிமையை மூன்றாண்டு கிடப்பிற் போட்டது. அவரைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்லவர் ஒருவரின் கையிலும் இவ்வாயுதத்துக்கு எவ்வளவு நீளம் உண்டு என்பதை அளப்பதற்காகவே எழுதுகிறேன்.

அக்காலத்து மன்னார்த் தொகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சிலாவத்துறையும் அரிப்பும் கொண்டச்சியும் மறிச்சுக்கட்டியும் முத்துச் சலாபத்தால் உலகறிந்த இடங்கள். சலாபம் கூடிய ஆண்டுகளில் அராபியரும் கீழக்கரையாரும் மலையாளத்தாரும் இக்கரையில் ஒரு தற்காலிக நகரத்தையே எழுப்புவர். 1925 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்புக்குப் பின் அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சைவரும் கலந்து வாழ்ந்த இப்பகுதிக்கு யாழ்ப்பாணக் கல்லூரிகளின் அரசியற் சூடு அத்துணை எட்டவில்லை. ஆகவே இங்கே தேர்தல் நடந்தமையை ஒரு பெரிய கொள்கை வெற்றியாக நான் காட்ட வரவில்லை. நடந்தது, அவ்வளவே. ஆனால் நடந்தமையால் ஓர் உண்மை வெளியாயிற்று. குடாநாட்டிலிருந்து வந்து நின்ற பொன்னம்பலத்தை இத்தொகுதியார் ஏற்கவில்லை. வாக்குச் சீட்டினால் வேண்டாம் என்று சொல்லுதலும் ஒரு மறுப்பே. இதற்கு எண்ணிக்கை உண்டு.

நான்கு ஆசனங்களும் காலியாய்க் கிடக்க, அரசாங்க சபை 46 தெரிவான உறுப்பினரோடு தன் பணியைத் தொடங்கிற்று. தென்னிலங்கைத் தலைவர்கள் தேர்தலைப் பகிஷ்கரிக்கவில்லை; பதவிகளை ஏற்றனர். இந்தியாவிலே 1920 இல் காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியில் அமர்ந்ததை ஒத்த நிகழ்ச்சி இது. வெளியே நிற்பவன் தன் கொள்கையைக் காத்துக்கொள்வான். உள்ளே இருப்பவன் சட்டத்தை எழுதுவான். 1934 இல் பகிஷ்காரம் கைவிடப்பட்டு நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஏ. மகாதேவா, காங்கேசன்துறைக்கு சு. நடேசன், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலம். மன்னாரில் மூன்றாண்டுக்கு முன் தோற்றவர், வாலிபர் காங்கிரஸ் வெறுமையாக்கிய ஆசனம் ஒன்றின் வழியாகச் சபைக்குட் சென்றார். சென்றவர் அங்கே ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கோரிக்கையின் முழக்கமானார். இன அடிப்படையிலான அரசியலை மாற்றவே பேரின்பநாயகம் புறப்பட்டார். அவர் ஒதுங்கிய இடத்தில் வந்து நின்றது அதுவே. 1936 இல் அமைச்சர் குழு முழுவதும் சிங்களவர்களால் ஆனதும், தேசம் ஒன்றே என்ற வாலிபர் காங்கிரசின் குரல் மேலும் மெலிந்தது. அந்த ஆண்டுகளோடு அவ்வியக்கமும் தளர்ந்தது.

இவற்றையெல்லாம் 1931 இன் பகிஷ்காரமே விளைவித்தது என்று சொல்வோர் உளர். நான் அவ்வளவு தூரம் செல்லேன். முதலாவது அமைச்சர் குழுவில் பெரி. சுந்தரம் என்னும் தமிழரும் மாக்கான் மரிக்கார் என்னும் முஸ்லிமும் இருந்தனர். நான்கு யாழ்ப்பாணத்தார் சபையில் இருந்திருந்தால் 1936 வேறாயிருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. நான் கூறுவது வேறு. பயனற்றுப் போனமையால் ஒரு பேச்சு பேச்சல்லாமற் போகாது. பேரின்பநாயகத்தின் பகிஷ்காரத்தில் எது பேச்சோ அது தோல்வியிலும் மதிப்புடையது. எது பிறர் வாயை அடைத்ததோ அது வெற்றியிலும் குறையுடையது.

இவ்வேறுபாடு வெறும் நுண்வாதம் அன்று என்பதை எங்கள் தலைமுறை வேறு விதத்தில் அறிந்தது. 2005 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆந் திகதி சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரே வாக்களித்தனர். அதற்கும் பகிஷ்காரம் என்றே பெயர் வழங்கிற்று. விடுதலைப் புலிகளின் துப்பாக்கி நிழலில், மறுக்கும் வழியே இல்லாதவரிடம் கேட்கப்பட்ட மறுப்பு அது. 1990 ஒக்டோபரில் அதே துப்பாக்கியின் கட்டளைக்குப் பணிந்து முசலியின் முஸ்லிம் மக்கள் வீடுவாசலை விட்டுப் புத்தளத்துக்குப் பெயர்ந்தவர்கள். கட்டளை எது, அழைப்பு எது என்பது அவர்களுக்கு விளக்க வேண்டியதன்று. 1931 ஐயும் 2005 ஐயும் ஒரே தட்டில் வைத்தல் பேரின்பநாயகத்துக்குச் செய்யும் பெரும் பிழை. அவருடைய பகிஷ்காரத்தை எதிர்த்தவன் உயிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இரண்டுக்கும் ஒரு சிறு உறவு உண்டு. ஊர் முழுவதும் ஒரே குரலில் மறுத்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஆசை முதலாவதிலும் இருந்தது.

அவருடைய எஞ்சிய வாழ்வில் அந்த ஆசையை நான் காணவில்லை. 1947 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் அவர் தாமே வட்டுக்கோட்டைத் தொகுதியில் நின்றார். நியமனப் பத்திரம் கொடாதிருக்குமாறு பிறரை இரந்தவர், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தம் பெயரை எழுதிக் கொடுத்து மக்கள் முன் நின்றதைக் கொள்கைத் தளர்ச்சி என்று எண்ணியோர் இருந்திருக்கலாம். எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிகத் துணிவான செயலாய் அது தோன்றுகிறது. கே. கனகரத்தினம் வென்றார்; பேரின்பநாயகம் தோற்றார். மானிப்பாயும் சங்கானையும் வட்டுக்கோட்டையும் அவரைப் பற்றி என்ன நினைத்தன என்பது அன்று எண்ணிக்கையாக வெளிவந்தது. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

1949 இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகி 1960 வரை அப்பதவியில் இருந்தார். மிஷன் கல்லூரியில் வளர்ந்தவர் இந்துக் கல்லூரிக்கு அதிபரானதை அக்காலத்தார் இயல்பாகவே ஏற்றனர்; அவருடைய பெயர் அத்துணை நம்பிக்கையைப் பெற்றிருந்தது. அக்கல்லூரி அவர் காலத்திற் பெற்ற வளர்ச்சியை அதன் பழைய மாணவர் இன்றும் பேசுவர். ஆசிரியர் சங்கப் பணியிலும் தாய்மொழிக் கல்விக்கான வாதத்திலும் அவர் ஓயாது உழைத்தார். 1961 இல் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்தார். 1977 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் காலமானார். அவ்வாண்டு யூலை மாதத்தில்தான் வடபுலத்து மக்கள் தனிநாட்டுக் கோரிக்கைக்குப் பெருவாரியாக வாக்களித்திருந்தனர். ஒரே தேசம் என்று 1924 இல் தொடங்கியவர் அத்தேர்தல் முடிவுகளையும் பத்திரிகையிற் படித்திருப்பார்.